மாற்றி வைத்த புள்ளிகள்

கண்ணாடிக் கடையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டப்பா என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். அலுவலகங்களில் கழித்துக்கட்டும் பழைய கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமின் அளவுக்கு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பது அவன் வேலை. அதில் சோறு கிடைத்தது. மனசு இருந்த இடம் வேறு.

வீட்டில் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அவனுடைய சர்வர். குடும்பத்தின் போட்டோக்கள், ஆவணங்கள், ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகள் எல்லாம் அதற்குள் இருந்தன. எந்தக் கம்பெனியிடமும் எதையும் கொடுத்து வைக்கவில்லை. அதில் ஓடும் மென்பொருள் அத்தனையும் ஓப்பன் சோர்ஸ்; எவரும் உள்ளே திறந்து பார்க்கலாம், தெரிந்தால் திருத்தலாம், காசு கேட்க ஆள் கிடையாது. வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருந்தவனுக்கு, யாரையும் கேட்காமல் ஆணி அடிக்கக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பெட்டி.

“நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்பவே ஒரு சக்களத்தி இருந்தா. ராத்திரியெல்லாம் மூச்சு விடுவா” என்று அவன் மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள். கூரியர் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருபவள். அவள் வாய்க்கு எட்டாத விஷயம் கிடையாது. அவனுடைய மாமனார், வீட்டில் சர்வர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, “சரி, எனக்கு ஒரு காபி கொண்டு வரச் சொல்லு” என்றவர்.

அவனுக்கு ஒரு அக்கா. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அவளுடைய கணவர், அவன் அத்தான் என்று கூப்பிடுபவர், ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். பாதி ஊருக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். குரல் உயராது. கிளட்சை விடச் சொல்லும்போதும், “மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல” என்பார். அதே குரலில் “மெதுவா” என்று சொல்லிக்கொண்டே அக்காவின் மணிக்கட்டை முறித்தவரும் அவர்தான். அக்கா வெளியில் சொல்லவில்லை. மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். இரண்டாவது முறை விழுந்தபோது, படியே இல்லாத வீடு அது என்பது அவன் மனைவிக்கு உறைத்தது.

ஒரு பள்ளி நாளன்று காலையில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள், பள்ளிக்குப் போகவில்லை. வேறு ஊரில் வேலையும் வீடும் பார்த்துக் கொடுத்தது டப்பாவும் அவன் மனைவியும்தான். அத்தான் அவர்களை நெருங்கக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவும் வாங்கியாயிற்று. ஆனால் உத்தரவு காகிதம்தானே; போன ஊர் தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அக்காவின் போன், மெயில் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் அத்தானுக்கு மனப்பாடம். அதனால் அவற்றை அப்படியே கைகழுவிவிட்டு, இனிமேல் எல்லாம் தன் சர்வரிலேயே என்று முடிவு செய்தான் டப்பா.

“நெசமாவே வெளியாளு யாரும் பார்க்க முடியாதாடா?” என்று அக்கா கேட்டாள்.

“நம்ம வீட்டு அலமாரில இருக்குக்கா. நான் இருக்கேன்ல.”

சர்வரில் ஏற்கெனவே இருந்த அக்காவின் கணக்குக்கும் அவள் மகள் பாப்பாவின் கணக்குக்கும் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தான். கொஞ்ச நாளில் போட்டோக்கள் வர ஆரம்பித்தன. புதுச் சீருடையில் பாப்பா. பால்கனியில் காயும் துணிக்கு நடுவே தலையை நீட்டும் பாப்பா. விழுந்த பல்லைக் கையில் வைத்திருக்கும் பாப்பா. அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு: எந்தப் போட்டோ எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு மேப்பில் புள்ளி புள்ளியாகக் காட்டும். அவனுக்கு அதில் கொள்ளைப் பெருமை. பெரிய கம்பெனிக்காரன் கொடுப்பதை நம் அலமாரியும் கொடுக்கிறது பார் என்று மனைவியிடம் காட்டியிருக்கிறான்.

மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் செய்தி படிப்பதுபோல, அவன் தன் சர்வரின் நிலவரத்தைப் போனில் பார்ப்பான். எவ்வளவு சூடு, எவ்வளவு இடம் மிச்சம், எவ்வளவு டேட்டா போய்வருகிறது என்று ஒரு கோடு காட்டும். பெரும்பாலும் அது படுத்தே கிடக்கும். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டுப் பார்த்தால், காலையில் அந்தக் கோடு செங்குத்தாக ஏறி இறங்கியிருந்தது. யாரோ போட்டோக்களை மொத்தமாக இறக்கியிருக்கிறார்கள்.

மனைவியாக இருக்கும் என்று நினைத்தான். யார் எப்போது வந்தார் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்தால் பாப்பாவின் கணக்கு. பாப்பா அப்போது பள்ளியில் இருக்க வேண்டும். பள்ளிக்குள் போனுக்கே அனுமதி இல்லை. கருவியின் பெயரைப் பார்த்தான். ‘பாப்பா டேப்’ என்றிருந்தது.

கையிலிருந்த கரண்டியை அவன் எங்கே வைத்தான் என்று அப்புறம் தேடவேண்டியிருந்தது.

அந்த டேப்லெட்டை அவன் அறிவான். அத்தானும் அக்காவும் சேர்ந்திருந்த காலத்தில், விடுமுறைப் போட்டோக்களைப் பார்ப்பதற்காக அவனே ஆப் போட்டுக் கொடுத்தது. திரை உடைந்து, எரியாமல், ஒரு அலமாரியில் கிடந்தது. கிளம்பும்போது அக்கா அதை எடுக்கவில்லை. உடைந்த சாமானை யார் எடுப்பார்கள்? அத்தான் அதைப் பழுது பார்த்திருக்கிறார். திரை மாற்றியதும் ஆப் தானாகத் திறந்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் கருவியும் வெளியே போய்விடும் என்றுதான் டப்பா நினைத்திருந்தான். போகாது. ஒவ்வொரு கருவியையும் தனியாக வெளியேற்ற வேண்டும். அதற்கென்று ஒரு பக்கமே அந்த மென்பொருளில் இருந்தது. எவரும் திறந்து பார்க்கலாம் என்று ஊரெல்லாம் சொன்னவன் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளினான். முதல் வரி நேற்று மாலை. பால்கனிப் போட்டோ. சீருடைப் போட்டோ, பலமுறை. அதற்கப்புறம் ஒரே சொல், திரும்பத் திரும்ப: மேப். மேப். மேப். நேற்று வந்த வரிகள் அத்தானின் வீட்டு இணைப்பிலிருந்து. இன்று வந்தவை மொபைல் இணைப்பிலிருந்து. கடைசி வரி சற்று முன்னால்தான் விழுந்திருந்தது.

டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போட்டு, கார் கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். எடுத்த பெண், “சார் இன்னிக்கு இல்லீங்க. காலைலயே வண்டிய எடுத்துட்டு வெளியூர் கிளம்பிட்டாரு. நாளைக்குக் கூப்பிடறீங்களா?” என்றாள்.

அடுத்தது மனைவிக்கு.

“என்னங்க, இந்நேரத்துல?”

“பாப்பாவோட பழைய டேப் அத்தான் கைல இருக்கு. எல்லா போட்டோவும் பார்த்துட்டாரு. மேப்பையும் பார்த்துட்டாரு. கிளம்பிட்டாரு.”

“ஊரு தெரிஞ்சிருக்குமா?”

“தெரு வரைக்கும் தெரியும்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. “ஸ்கூலுக்கும் அக்காவுக்கும் நான் போடறேன். நீங்க அந்தக் கருமத்த முதல்ல நிறுத்துங்க. கீழ்வீட்டம்மாகிட்ட சாவி இருக்கு, போய் பிளக்கப் புடுங்கச் சொல்றேன்.”

“வேண்டாம், வேண்டாம்! கோர்ட்டு ஆர்டரும் அதுக்குள்ளதான் இருக்கு. ஸ்கூல்ல கேப்பாங்க. எடுத்து உனக்கு அனுப்பறேன், இரு.”

உத்தரவின் நகலை அனுப்பிவிட்டு, கடையின் முன்பக்கம் வந்தான். பில் போடும் கம்ப்யூட்டரின் முன்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

“டப்பா, ரெண்டு ஃபிரேம் நிக்குது. கஸ்டமர் வந்துருவாரு.”

“அரை மணி நேரம் அந்தச் சீட்டு வேணும் முதலாளி. அக்கா விஷயம்.”

முதலாளி அவன் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் எழுந்து, கடை வாசலில் போய் நின்றுகொண்டார்.

கருவிகளின் பக்கம் திரையில் வந்தது. ‘பாப்பா டேப்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘வெளியேற்று’ என்ற பொத்தான். ஒரே அழுத்து. அவன் அதன்மேல் அம்பை வைத்தான், அழுத்தவில்லை. வெளியேற்றினால் அத்தானுக்கு விஷயம் வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். ஊரும் தெருவும் அவர் கண்ணில் ஏற்கெனவே பட்டாயிற்று. முகத்தில் அறைந்து சாத்திய கதவைக் கண்டு விலகிப் போகிற மனிதர் அல்ல; நேராக அந்தத் தெருவுக்கே போய் நிற்பார். அவர் மேப்பைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார் என்றால் வழி இன்னும் மனசில் பதியவில்லை. போகப்போகப் பார்த்துக்கொண்டே போகிறார். இன்னொரு தடவையும் திறப்பார்.

திறக்கும்போது வேறு இடத்தைக் காட்டினால்?

அவனுடைய சர்வர். அவனுடைய மேப். ஒரு போட்டோ எங்கே எடுத்தது என்பதை அவன் நினைத்தால் மாற்றலாம். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. தேதி தவறிய பழைய போட்டோக்களுக்குக்கூட விசாரித்து விசாரித்துச் சரியான தேதியைப் போட்டவன். அந்தக் கையாலேயே பொய்யை எழுத வேண்டியிருந்தது.

அக்காவின் ஊரில் ஒரு ஆறு ஓடுகிறது. வீடும் பள்ளியும் இந்தக் கரையில். அந்தக் கரையில் ஒரு போலீஸ் ஸ்டேஷனும், அதற்குப் பின்னால் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பும் இருப்பதை மேப்பில் கண்டுபிடித்தான். போட்டோக்களைக் கொத்தாகப் பிடித்து அந்தக் குடியிருப்பின்மேல் போட ஆரம்பித்தான். அவசரத்தில் தன்னுடைய கல்யாணப் போட்டோக்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டான். அவனும் மனைவியும் மாலையும் கழுத்துமாக ஆற்றுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார்கள். சரி செய்ய நேரமில்லை. பால்கனி, பல், பூங்கா, சீருடை எல்லாம் அக்கரைக்குப் போயின. பள்ளியின் வாசலில் எடுத்த ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதை அழித்தே விட்டான்.

மனைவி கூப்பிட்டாள். “ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு அம்மா, ‘பெத்த அப்பா வந்தா நாங்க எப்படிங்க தடுக்கறது’ன்னாங்க. ஆர்டர அனுப்பினதும் குரலே மாறிருச்சு. பாப்பாவ ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல உக்கார வச்சிட்டாங்க.”

“அக்கா?”

“யாருக்கோ ரத்தம் எடுத்துட்டு இருந்தாங்களாம். முடிச்சிட்டு வந்துதான் பேசினாங்க. அழல, ஒண்ணும் இல்ல. ‘எவ்வளவு நேரம் இருக்கு’ன்னு மட்டும் கேட்டாங்க.”

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது. பதிவுகள் விழும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம், “பையன் கொஞ்சம் மும்முரமா இருக்கான், நீங்க சாயங்காலம் வாங்க” என்று சொல்வது காதில் விழுந்தது.

ஒரு வரி விழுந்தது. பாப்பா டேப். மேப்.

அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வரி. அடுத்தது. மேப்பின் எந்தப் பகுதி திறக்கிறது என்பதையும் அந்த வரிகள் காட்டின. முதலில் முழு ஊர். பிறகு ஆற்றின் இந்தக் கரை, நேற்றுப் பார்த்த அதே இடம். இப்போது அங்கே புள்ளிகள் இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. தேடுகிறார். நேற்று இங்கேதானே இருந்தது என்று யோசிக்கிறார். கண்டுபிடித்துவிட்டால்? பிறகு மெல்ல, வரி வரியாக, பார்வை நகர்ந்தது. ஆற்றைத் தாண்டியது. குடியிருப்பின்மேல் வந்து நின்று பெரிதாகியது. பால்கனிப் போட்டோ திறந்தது.

அத்துடன் வரிகள் நின்றுவிட்டன.

நம்பிவிட்டாரா, அல்லது இது கண்ணி என்று புரிந்துகொண்டு டேப்பை மூடிவிட்டாரா? அந்த வெற்றுத் திரை வாயைத் திறக்கவில்லை. அவன் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தான். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவன்போல இருந்தான்.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள்.

“அவர் எங்க இருக்கார்னு உன் மெஷின் சொல்லுமா?”

“சொல்லாதுக்கா. மேப்ல எங்க பார்க்கறார்னுதான் தெரியும்.”

“எங்க பார்க்கறார்?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம். ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கற அடுக்குமாடி. போட்டோவையெல்லாம் நான் அங்க மாத்தி வச்சிட்டேன்.”

“அங்க குடியிருக்கறவங்க என்னடா பண்ணினாங்க?”

தன் அக்காவின் கதவிலிருந்து அந்த மனிதரை எடுத்து முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் கதவில் வைத்திருக்கிறோம் என்பது அதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை. அதே பால்கனி, அதே வயசில் ஒரு பெண் குழந்தை அங்கேயும் இருக்கலாம்.

“சரி, வை. நான் ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டு அங்கயே போறேன்” என்றாள் அக்கா.

“நீ எதுக்குப் போற? வேண்டாம்க்கா!”

“அவர் மூஞ்சி போலீசுக்கு எப்படித் தெரியும்?”

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவன் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டான். அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடையின் கடிகாரமும் நகராத திரையும்தான். மனைவி பாதி வேலையில் கிளம்பி வந்து அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதலாளி தானே போய் இரண்டு டீ வாங்கி வந்து வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

அத்தானின் கார் அந்தக் குடியிருப்பின் வாசலில் வந்து நின்றிருக்கிறது. காவலாளியிடம் டேப்பில் பாப்பாவின் படத்தைக் காட்டி, அந்தப் பொறுமையான குரலில், “எம்பொண்ணுங்க. எந்த வீடுன்னு மறந்து போச்சு” என்று கேட்டுக்கொண்டிருந்தார். காவலாளி பரிதாபப்பட்டு, குழந்தைகள் இருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். சற்றுத் தள்ளி, ஜீப்புக்குள் அக்கா. அவர் அவளைப் பார்த்தார். “மெதுவா பேசலாம் வா” என்றார். அவள் ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

காரின் பின்சீட்டில் ஒரு புதுச் சைக்கிள் இருந்தது, பாப்பாவின் உயரத்துக்கு ஏற்றது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குக் கீழே கால்மிதியின் அடியில் கயிற்றுச் சுருளும் அகலமான ஒட்டு நாடாவும் இருந்தன. சைக்கிளைக் கட்டத்தான் என்றார். கட்டத்தானோ என்னவோ. உத்தரவை மீறியதற்காக அவரை உள்ளே வைத்தார்கள்.

அந்த வாரமே அக்கா வீட்டைக் காலி செய்தாள். உதவிக்குப் போன டப்பா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள்.

“நீதான் காப்பாத்தினேன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றாள். “வாஸ்தவம்தான். ஆனா வழியக் காட்டினதும் நீதான்டா.”

அவன் கயிற்றை இறுக்கி முடிந்தான். அவிழ்த்து மறுபடியும் முடிந்தான்.

வீட்டுக்கு வந்து ‘பாப்பா டேப்’பை வெளியேற்றிவிட்டு, சர்வரையே நிறுத்திவிட்டான். அலமாரி மூச்சு விடுவதை நிறுத்தியது. கடையில் யாராவது டப்பா என்று கூப்பிட்டால்கூட முகம் சுளித்தான். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த மனைவி, “அந்த சக்களத்தி என்ன பண்ணினா பாவம்? கதவ சாத்தாதது நீங்க. போய் சாத்தற வழியப் பாருங்க” என்றாள்.

அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் பேசிக்கொள்ளும் பொது இடம் ஒன்று உண்டு. அவன் அதுவரை அங்கே வாசகன் மட்டும்தான். எழுத உட்கார்ந்தான். பாஸ்வேர்டு மாற்றும்போதே, பழைய கருவிகளையெல்லாம் வெளியேற்றவா என்று கேட்க வேண்டும் என்று எழுதினான். ஏன் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்தது என்று நாலு வரி எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினான். முதல் ஆள், இது கையேட்டில் இருக்கிறதே, படிக்கவில்லையா என்றார். உண்மைதான். ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒரு பெண், “அடிக்கிறவரிடமிருந்து ஓடுகிறவர் கையேடு படித்துக்கொண்டிருக்க மாட்டார்” என்று எழுதி, வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அவருடன் ஒருவர் வாதம் செய்தார், இன்னொருவர் திருத்தினார், டப்பா தன் பெட்டியை மறுபடியும் ஓடவிட்டுச் சோதித்துச் சொன்னான். அடுத்த வெளியீட்டில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. இப்போது பாஸ்வேர்டை மாற்றுகிற எல்லோரிடமும் அது கேட்கிறது.

அவன் அதை அக்காவுக்குச் சொல்லவில்லை. மனைவிதான் சொல்லியிருக்க வேண்டும். ரொம்ப நாள் கழித்து அக்காவே கூப்பிட்டாள். பாப்பா போட்டோவெல்லாம் போனில் நிரம்பி வழிகிறது, மறுபடியும் உன் பெட்டியிலேயே வைக்கலாமா என்றாள்.

“ஆனா மேப் கூடாது. எங்க கணக்குக்கு நான்தான் பொறுப்பு. எந்தக் கருவி உள்ள இருக்கு, இல்லைன்னு நானே பார்ப்பேன். உன்னால அதத் தொட முடியக்கூடாது. முடியுமா?”

“முடியும்க்கா.”

மேப்பை நிறுத்தினான். வருகிற படங்களிலிருந்து இடத்தின் தடயத்தை உள்ளே வரும்போதே துடைத்துவிடும்படி அமைத்தான். அக்காவின் கணக்குக்கான அதிகாரத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, தன் கையைத் தானே வெளியே எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் படம் வந்தது. பாப்பா உயரமாகிவிட்டாள். ஏதோ ஒரு சுவரின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் வெயிலில் ஒரு மரம், கொஞ்சம் வானம். மனைவி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“எந்த ஊருங்க இது?”

“தெரியாது” என்றான். அவன் கேட்கவும் இல்லை.